பென்னிகுக் என்ற பெயரின் கணக்கு

கர்னல் ஜான் பென்னிகுக்குக்குப் பிள்ளைகள் ஆறு பேர். ஐந்து பெண், ஒரு பையன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரின் வீட்டு விவரம் இது. பெண்கள் கல்யாணமாகிப் போனால் கணவன் வீட்டுக் குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஆக, பென்னிகுக் என்ற பெயரை அவர் கிளையில் அடுத்த தலைமுறைக்கு எடுத்துப்போக இருந்தது ஒரே ஓர் ஆள்தான். 1879இல் நடந்த கல்யாணத்துக்கு 20 ஆண்டு கழித்து, 1899இல் பிறந்த மகன் அவர். அவருக்கும் ஜான் என்றே பெயர். சட்டம் படித்து, லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் நீதிபதியாகி, சர் பட்டம் பெற்று, 1982இல் காலமானார்.

ஒரு தலைமுறை பின்னால் போய்ப் பார்ப்போம். பொறியாளரின் தந்தையும் ஜான் பென்னிகுக்தான். பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று, இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் சில்லியன்வாலாவில், சீக்கியப் படையோடு நடந்த போரில் அவர் விழுந்தார். அதே நாளில், அதே களத்தில், 17 வயதே ஆன மகன் அலெக்சாண்டரும் செத்தான். புனேயில் 1841 ஜனவரி 15 அன்று பிறந்த நம் பொறியாளருக்கு அப்போது எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தச் சண்டையில் சின்னவன் இருந்து அண்ணன் வீட்டில் இருந்திருந்தால், மேலூர் வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வந்திருக்குமா என்று கேட்கலாம். அதைவிட, ஒரு குடும்பப் பெயர் எத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய விஷயம்.

மதுரையிலும் தேனியிலும் இந்தப் பெயரை அறியாதவர் இல்லை. தல்லாகுளம் பொதுப்பணித் துறை வளாகத்தில் சிலை இருக்கிறது. கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் வந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். பாலார்பட்டியில் தை பிறந்ததும் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். இவ்வளவு புழங்கும் பெயர் பிறந்த நாட்டிலோ மிக அபூர்வம். ஸ்மித்தும் ஜோன்சும் தெருவுக்குத் தெரு இருக்கும் பிரிட்டனில், ஒரு பென்னிகுக்கைக்கூடச் சந்திக்காமலே ஒருவர் வாழ்நாளை முடித்துவிடலாம். இதில் வம்சத்தின் குறையோ சாபமோ எதுவும் இல்லை. வெறும் கணக்குதான்.

கணக்குக்குப் போகுமுன் பெயர் பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். நாம் அவரை ஆங்கிலேயர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் ஸ்காட்லாந்துக்காரப் பெயர். எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், வடக்கு எஸ்க் என்ற சிற்றாற்றங்கரையில் பெனிகுக் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயர் ஆங்கிலமும் இல்லை. ஆங்கிலம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் அங்கே பேசப்பட்ட, இன்றைய வெல்ஷ் மொழிக்கு மூத்த உறவான பிரித்தானிய மொழி. குயில் கூவும் குன்று என்பது பொருள். அந்த நிலத்தை ஆண்ட குடும்பம் ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே 'பெனிகோக்கைச் சேர்ந்த இன்னார்' என்று ஆட்கள் தலைகாட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து நிலக்கிழார்களின் வழக்கமே அதுதான். நிலம் இருக்கிறவனுக்கு நிலத்தின் பெயர்.

அப்புறம் நிலம் கைமாறியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பாரிசில் வியாபாரம் செய்து பணம் சேர்த்துத் திரும்பிய ஜான் கிளார்க் என்பவர் பெனிகுக் பண்ணையை வாங்கினார். ஊர் கிளார்க் குடும்பத்துக்குப் போனது; பெயர் மட்டும் பழைய குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியது. இடையில் ஒரு செய்தி. இந்தக் கிளார்க் வம்சத்தில் வந்தவர்தான் மின்காந்தக் கோட்பாட்டைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அவருடைய தந்தை பிறப்பால் வெறும் கிளார்க். மேக்ஸ்வெல் வழியில் ஒரு சொத்து வந்ததால் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இயற்பியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் ஒரு சொத்துப் பத்திரம் வேறு மாதிரி அமைந்திருந்தால் கிளார்க் சமன்பாடுகள் ஆகியிருக்கும். குடும்பப் பெயர் ரத்தத்தோடு மட்டுமே ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயர் அரிதாவதற்கு முதல் காரணம் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஒரு பட்டறை இருந்த காலத்தில், குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியபோது, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கொல்லர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஸ்மித் ஆனார்கள். தையற்காரர்கள் டெய்லர் ஆனார்கள். அந்தப் பெயர்களுக்கு மூதாதைகள் ஆயிரம் பேர். பெனிகுக் போன்ற ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கியவர்களுக்கோ மூதாதை ஒருவர். மிஞ்சினால் இரண்டு மூன்று பேர். ஆயிரம் வரிசைகளில் 900 அற்றுப்போனாலும் ஸ்மித் சாகாது. ஒற்றை வரிசை அற்றால் பென்னிகுக்கின் கதை முடிந்தது.

இதை மரபணுவே சாட்சி சொல்லும். ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாற்றமின்றிப் போகிறது. இங்கிலாந்துக் குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தன் சொந்தக் குடும்பப் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்ததில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களில் 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்மித்துகளுக்குள் இருந்த ஒற்றுமை, தெருவில் போகிற யாரோ இருவருக்குள் இருப்பதைவிட அதிகமில்லை. அரிய பெயர்களிலோ பெரும்பாலானவர்கள் ஒரே மூதாதையின் வாரிசுகள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு உறவு.

சரி, ஒற்றை மூதாதையிடம் தொடங்கிய வரிசை அறுந்துபோக எவ்வளவு வாய்ப்பு? இந்தக் கேள்வியை அச்சில் சவாலாக வைத்தவர் பிரான்சிஸ் கால்டன். டார்வினுக்கு உறவினர். மேட்டுக்குடியின் பரம்பரை மேன்மை பற்றி அவருக்கு இருந்த வெறி பின்னாளில் மனித இன மேம்பாடு என்ற பேரில் எத்தனையோ கொடுமைகளுக்கு வழிவிட்டது. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் இப்படி மறைகின்றன? பணக்கார வீட்டு ஒற்றைப் பெண்களைக் கட்டுவதால் வாரிசு குறைகிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். அது சரியா என்று பார்க்க, வெறும் தற்செயலால் மட்டும் எத்தனை பெயர்கள் அழியும் என்று முதலில் தெரிய வேண்டும். 1873 ஏப்ரலில் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழில் 4001ஆம் கணக்காக அதைப் போட்டார். விடை சரியாக வராததால், கணிதம் தெரிந்த பாதிரியார் ஹென்றி வில்லியம் வாட்சனைப் பிடித்தார்.

வாட்சன் வழியில் நாமும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்கள், ஆயிரம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். அதாவது ஜனத்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சராசரி ஒன்று என்றால் எல்லோருக்கும் ஒன்று என்று ஆகிவிடாது. ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்றுமில்லை என்று சிதறும். அந்தச் சிதறல் தற்செயலாக இருந்தால், ஆயிரத்தில் 368 பேருக்கு மகனே இருக்காது. முதல் தலைமுறையிலேயே 368 பெயர்கள் காலி! இரண்டாம் தலைமுறை முடிவில் போனவை 531. மூன்றில் 626. ஐந்தில் 732. பத்தாம் தலைமுறையில் 842 பெயர்கள் இல்லை. ஊரில் ஆள் எண்ணிக்கை அதே ஆயிரம். பெயர்கள் மட்டும் 158.

தொடக்கத்தில் சரிவு வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தப்பிப் பிழைத்த பெயர் ஒவ்வொன்றையும் இப்போது ஆறேழு பேர் சுமக்கிறார்கள், அதனால் ஒருவர் வீட்டில் மகன் இல்லாவிட்டாலும் பங்காளி வீட்டில் இருப்பான். ஆபத்து முழுக்கத் தொடக்கத்தில்தான். நம் பக்கத்துச் சங்கிலிக் கண்மாய்கள் மாதிரி: மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் கீழே தண்ணீர், மேலே ஒன்று வறண்டால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் வறண்டவைதான்.

13ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே, தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால், 20 தலைமுறைகள். இதே கணக்கில் ஆயிரம் பெயர்களில் அதுவரை நிற்பவை 88. ஒற்றை மூதாதையோடு புறப்பட்ட பெயர் அணை கட்டும் காலம்வரை வந்து சேர்ந்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று இந்த எண் சொல்கிறது. நிஜத்தில் ஜனத்தொகை நிலையாக இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் மடமடவென்று பெருகியது. பெருகும் ஜனத்தொகையில் பெயர்கள் தப்பாதா?

இங்கேதான் வாட்சன் சறுக்கினார். எந்தச் சராசரியாக இருந்தாலும் எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று எழுதிவிட்டார். அவருடைய சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று எப்போதும் 1, அதாவது நிச்சய அழிவு. சராசரி மகன்கள் ஒன்றைத் தாண்டும்போது 1ஐவிடச் சிறிய இன்னொரு விடையும் தோன்றுகிறது, உண்மையான விடை அதுதான். அவர் முதல் விடையோடு நின்றுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர் பியனமே 1845லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. வாட்சனின் பிழை அரை நூற்றாண்டு அப்படியே நின்றது.

சரியான விடையும் ஆறுதல் தருவதாக இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை ஆண்கள் கால் பங்கு கூடுகிறார்கள், சராசரி 1.25 மகன்கள் என்றால், நூற்றில் 63 பெயர்கள் அப்போதும் அழியும். ஆல்ஃபிரட் லோட்கா 1920ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1931இல் கண்டது இன்னும் மோசம். ஜனத்தொகை நன்றாகப் பெருகிக்கொண்டிருந்த அந்த நாட்டிலேயே, ஓர் ஆணில் தொடங்கும் பெயர் என்றைக்காவது அற்றுப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 82. நிஜக் குடும்பங்களில் சிதறல் அதிகம். பலருக்கு ஒரு மகனும் இல்லை, சிலருக்கு ஏழெட்டு.

இந்தக் கணக்குக்குப் பிறகு வந்த வாழ்வு பெரிது. ஜே.பி.எஸ். ஹால்டேன் 1927இல் இதை மரபணுவுக்குப் பொருத்தினார். புதிதாகத் தோன்றிய ஒரு நல்ல மாற்றம்கூட, பெரும்பாலும் முதல் சில தலைமுறைகளிலேயே தொலைந்துவிடும் என்று காட்டினார். அந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். அணு உலையில் நியூட்ரான்கள் பெருகுவதும், ஊருக்குள் நுழைந்த தொற்றுநோய் பரவுவதும் அணைவதும் இதே கிளைக் கணக்கில்தான் வருகின்றன.

குடும்பப் பெயர் வழக்கத்துக்கு வயது ஏற ஏறப் பெயர்கள் குறைந்துகொண்டே வரும் என்பதும் இந்தக் கணக்கின் விளைவுதான். சீனாவில் வழக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை. அங்கே வாங் என்ற ஒரே பெயரில் பத்துக் கோடிப் பேர். தென் கொரியாவில் கிம், லீ, பாக் மூன்றையும் கூட்டினால் மக்களில் ஏறக்குறைய 45 சதவீதம். ஜப்பானில் சாமானியர் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது 1875இல்தான். அங்கே இன்றும் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன.

பென்னிகுக்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: எழுத்து. ஒரே ஊர்ப்பெயரில் கிளம்பிய குடும்பங்கள் நான்கைந்து விதமாக எழுதின. கவிஞரும் மருத்துவருமான அலெக்சாண்டர் பெனிகுக், 1652இல் பிறந்தவர், ஒரு மாதிரி எழுதினார். நம் பொறியாளர் வீட்டில் வேறு மாதிரி. காசுக்கும் சமையற்காரருக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரண்டு எளிய சொற்களை ஒட்டவைத்தது போல எழுதியவர்களும் உண்டு. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அது நிலைத்தது. பட்டியலில் இவை தனித்தனிப் பெயர்கள். ஏற்கெனவே சிறியதாக இருந்த கூட்டம் நாலாகப் பிரிந்தது. இவற்றில் நம்மவர் எழுத்தைத் தாங்கியவர்களில் உலகறிந்த இன்னொருவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் காலின் பென்னிகுக். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதன் இயக்கவியலை வகுத்த விஞ்ஞானி. ஆப்பிரிக்காவில் மோட்டார் கிளைடரில் ஏறிக் கழுகுகளோடு கூடப் பறந்து அளவெடுத்தவர்.

இனி நம் ஊர்.

மதுரையில் தங்கிப்போன வெள்ளைக்காரப் பெயர்கள் சில உண்டு. கோட்டை மதிலை இடித்து நகரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண். அந்த வேலையில் நில அளவை பார்த்தவர் பெயரில் மாரட் வீதி. மீனாட்சிக்கு ரத்தினம் பதித்த அங்கவடி செய்து கொடுத்த கலெக்டர் ரூஸ் பீட்டரை ஊர் 'பீட்டர் பாண்டியன்' ஆக்கியது. ஆனால் இவை கல்லிலும் கதையிலும் நின்ற பெயர்கள். மாரட் என்று பிள்ளைக்கு யாரும் பேர் வைப்பதில்லை. பென்னிகுக் மட்டும் ஆளின் பெயரானது.

காரணம் தண்ணீர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த பூமி இது. மேற்கே பாய்ந்த பெரியாற்றை 176 அடி உயரச் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவை அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, சுருளியாறு வழியாக வைகையில் சேர்த்தார்கள். 1887இல் தொடங்கிய வேலை. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்ற பேச்சு இன்றைக்கும் ஒவ்வொரு தண்ணீர் திறப்பின்போதும் வரும். அந்தக் கால்வாய்ப் பக்கமும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வீட்டில் அவர் படத்தை மாட்டி வைத்திருப்பவர்கள், மகனுக்குப் பென்னிகுக் என்று பெயர் சூட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அணையின் ஈர்ப்பைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது பெயரின் இலக்கண மாற்றம். தமிழ்நாட்டில் வெளியிலிருந்து ஒரு குடும்பப் பெயர் வந்து இறங்கினால் அது தனிப்பெயராகிவிடும். கென்னடி அயர்லாந்துக் குடும்பப் பெயர். இங்கே அது பக்கத்து வீட்டு அண்ணன். லிங்கன், எடிசன், போஸ், காந்தி எல்லாம் அப்படித்தான். பெயர் மாறவில்லை, அது கைமாறும் விதிதான் மாறியது. பென்னிகுக் என்ற ஒருவருக்கு மகன் பிறந்தால், அவன் பென்னிகுக் ஆக மாட்டான். அவனுக்குக் கார்த்திக் என்று வைப்பார்கள். அப்பாவின் பெயர் சுருங்கி முன்னால் ஒரு 'பெ.' ஆகும். பேரனிடம் அந்த எழுத்தும் இருக்காது. வேண்டுமானால் தாத்தா பெயர் என்று பேரனுக்கு முழுதாகத் திரும்பி வரலாம். நம் இனிஷியல் ஒரு தலைமுறை மட்டுமே ஆயுள் உள்ள குடும்பப் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு எதிரே பேனாவோடு திகைத்து நிற்கும் தமிழனின் சங்கடம் இதில் கிளைத்ததுதான்.

கால்டனின் கணக்கை இங்கே போட முடியாது. அங்கே பெயர் மகன் வழியாக இறங்கும். இங்கே ஊர் வழியாகப் பரவும். சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டில், பிடித்துப்போனதால், ஒருவர் வைக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். மேத்யூ ஹானும் அலெக்சாண்டர் பென்ட்லியும் 2003இல், 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குழந்தைகளின் பெயர்களை எடுத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் தற்செயலாகப் பிரதி எடுக்கிறார்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே எந்தப் பெயர் எவ்வளவு புழங்கும் என்ற பரவல் பொருந்திவருகிறது என்று காட்டினார்கள். பிரதி எடுக்கும் இந்த விளையாட்டிலும் சிறு பெயர்கள் அழியத்தான் செய்யும். வேறுபாடு ஒரே இடத்தில், பூஜ்ஜியத்தில்.

குடும்பப் பெயர்க் கணக்கில் பூஜ்ஜியம் ஒருவழிப் பாதை. கடைசி ஆண் வாரிசு போனால் போனதுதான். மறுபடி ஒன்று ஆகாது. பிரதி எடுக்கும் கணக்கில் பூஜ்ஜியத்திலிருந்து மீள வழி உண்டு, மூலப் பிரதி எங்காவது இருந்தால். ஒரு தலைமுறை முழுக்க ஒரு குழந்தைக்கும் அந்தப் பெயர் வைக்காமல் போகட்டும். சிலை நிற்கிறது, பேருந்து நிலையப் பலகை இருக்கிறது. கேரளத்தோடு அணைப் பிரச்சினை ஒன்று வெடித்தால் பெயர் மறுபடி வாயில் வருகிறது. 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு கொதித்தபோது, 2014 மே மாதம் அணை நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தப் பெயரை உச்சரிக்காத மேடை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் செத்துவிட்டிருக்கக்கூடிய பெயர் கூடலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாகப் பிறக்க முடியும், ரத்த உறவு ஒரு துளியும் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் குடும்பப் பெயர்களையும் எண்ண வேண்டியிருக்கிறது. மதுரைச் சௌராஷ்டிரர்களுக்கு இங்கிலாந்துக்காரர்களைப் போலவே தந்தை வழியில் இறங்கும் வீட்டுப்பெயர் உண்டு. டி.எம். சௌந்தரராஜனின் 'டி' அவர் குடும்பத்தின் வீட்டுப்பெயரான தொகுளுவா. 'மதுரை காந்தி' என்.எம்.ஆர். சுப்பராமனின் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டாண்மை மல்லி. இந்தப் பெயர்களுக்குக் கால்டனின் விதி அப்படியே பொருந்தும். அதுவும் இன்றைக்குக் கடுமையாக. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை, மகன்களை மட்டும் எண்ணினால் ஒன்றுக்கும் கீழே. சராசரி ஒன்றுக்குக் கீழே போனால் வாட்சன் சொன்னதில் பிழை கிடையாது: எல்லா வரிசையும் ஒருநாள் அறும். பெரிய வீட்டுப்பெயர் மெதுவாக, நான்கைந்து குடும்பங்களே உள்ள வீட்டுப்பெயர் சீக்கிரம். மகள்களும் பெயரைத் தொடரலாம் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால் கணக்கு உடனே இரண்டு மடங்காக மாறும். அது கணிதத்தின் கையில் இல்லை.

பிரிட்டனில் இப்படி ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கத் துழாவுகிறவர்களுக்கென்று 1979 முதல் ஒரு சங்கமே இயங்குகிறது. பென்னிகுக் பெயரை அவர்கள் தேடினால் ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போவார்கள். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் அவர்கள் பட்டியலில் வராது. வந்தாலும் தமிழில் தேடத் தெரியாது. நம்மால் முடியும். வாக்காளர் பட்டியல் பொதுவில் இருக்கிறது, பெயரோடு வயதும் அப்பா பெயரும் இருக்கின்றன. யார் யாருக்கு எந்த ஆண்டில் பென்னிகுக் என்று வைத்தார்கள், பாசனக் கால்வாயை ஒட்டி எண்ணிக்கை கூடுகிறதா, 2011க்குப் பிறகு பிறந்தவர்கள் 18 வயதைத் தொடும்போது பட்டியல் வீங்குகிறதா என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகப் புள்ளியியல் மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டரில் எடுத்துவிடலாம். தேடும்போது பென்னிகுக், பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னி குக் என்று நான்கு எழுத்துகளையும் போட்டுத் தேட வேண்டும். அப்பா பெயர்க் கட்டத்தையும் விடக்கூடாது.